நாலு நண்பர்கள், ஒரு கேம்பர் வேன், நியூசிலாந்தின் தெற்குத் தீவு: போகலாமா?

கேள்வி இதுதான்: கல்லூரிக் காலத்து நண்பர்கள் நாலு பேர் மார்ச் மாதம் பத்து நாள் நியூசிலாந்தின் தெற்குத் தீவைக் கேம்பர் வேனில் (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கிற வண்டி) சுற்ற நினைக்கிறார்கள். ஹோட்டல் செலவு மிச்சமாகுமா, நாலு பேருக்கு ஒரு வண்டி போதுமா, என்னென்ன சிக்கல் வரும் என்று கேட்கிறார்கள். நான் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற நண்பர்களோடும் இங்கே உள்ளவர்களோடும் இந்த வண்டிகளில் போய் வந்திருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் பலரும் ஏமாறுவது அங்கேதான். கேம்பர் வேன் மலிவு இல்லை. சீசனில் ஆறு பேர் படுக்கிற பெரிய வண்டி ஒரு நாளைக்கு 300 டாலரைத் தாண்டுவது சாதாரணம் (நான் சொல்வதெல்லாம் நியூசிலாந்து டாலர்). அதற்கு மேல் டீசல், பெரிய வண்டி நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு பதினைந்து லிட்டர் குடிக்கும். அதற்கும் மேல் டீசல் வண்டிகளுக்குத் தனியாக ஒரு சாலை வரி இருக்கிறது. இங்கே பெட்ரோல் விலைக்குள்ளேயே சாலை வரி அடங்கிவிடும், டீசலில் அப்படி இல்லை, ஓடிய கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடகைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். உங்கள் சுற்றுக்கு அது நூறு டாலருக்கு மேலேயே வரும். பம்பில் டீசல் விலை குறைவாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களுக்குக் கடைசி நாளில்தான் காரணம் தெரியும். அப்புறம் ஹாலிடே பார்க்கில் (குளியலறை, சமையலறை எல்லாம் உள்ள கட்டண முகாம்) கரண்ட் வசதியோடு ஓர் இரவு நிறுத்த ஆளுக்கு 25, 30 டாலர். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு காரும் இரண்டு மோட்டல் அறைகளும் எடுத்த செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சில சமயம் தாண்டியும் போகும்.

அப்படியானால் எதற்கு இந்த வண்டி என்றால், என்னைப் பொறுத்தவரை ஒரே காரணம் வானிலை. தெற்குத் தீவின் நடுவே முதுகெலும்பு மாதிரி தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் ஓடுகிறது, மேற்கிலிருந்து வருகிற மழை முழுவதையும் அது மேற்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். அந்தப் பக்கம் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்ட் சவுண்டில் வருடத்துக்கு ஆறு மீட்டருக்கும் மேலே மழை, மில்லிமீட்டர் இல்லை, மீட்டர். மலைக்கு இந்தப் பக்கம் மெக்கன்ஸி சமவெளியிலோ புல் காய்ந்து கிடக்கும். மவுண்ட் குக் அடிவாரத்துக்குப் போய் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். ஹோட்டலில் பதிவு செய்தவர் அடுத்த நாள் கிளம்பியே ஆக வேண்டும், வேனில் இருப்பவர் "சரி, இன்னொரு ராத்திரி இங்கேயே" என்று இருந்துவிடலாம். விடிந்ததும் கதவைத் திறந்தால் மலை முழுதாகத் தெரியும், கையில் காபி, காலில் செருப்புகூட இல்லாமல் நின்று பார்க்கலாம். அந்தச் சுதந்திரத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். பத்து நாளுக்கும் பத்து இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு வேனில் வருவது வீண், அதற்குக் காரே மேல்.

அதனால் பாதையைத் தளர்வாக வையுங்கள். வழக்கமான வட்டம் கிறைஸ்ட்சர்ச், டெகாப்போ, மவுண்ட் குக், குயின்ஸ்டவுன், டே அனாவ், அங்கிருந்து மில்ஃபோர்ட் போய்த் திரும்பி வானகா, ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரை, ஃபாக்ஸ் கிளேசியர், ஹோகிடிகா, ஆர்தர்ஸ் பாஸ், மறுபடி கிறைஸ்ட்சர்ச். மொத்தம் 1900 கிலோமீட்டர் அளவில் வரும். கேட்டால் பெரிதாகத் தெரியாது, சென்னையிலிருந்து டில்லிகூட இல்லை. ஆனால் இங்கே நாலு வழிச்சாலை என்பது பெரிய ஊர்களை ஒட்டி மட்டும்தான், மற்றதெல்லாம் போக ஒரு வழி, வர ஒரு வழி, மலை வளைவு, ஒற்றை வழிப் பாலம். வரைபடம் மூன்று மணி நேரம் என்றால் பெரிய வண்டியில் நாலு மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் நிறுத்திப் பார்க்கிற நேரம் தனி. என் யோசனை, இந்த வட்டத்தில் மில்ஃபோர்ட் அல்லது மேற்குக் கரை, இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நாளெல்லாம் ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள், மழையில் ஒரு நாள் போனால் ஈடுகட்ட இடம் இருக்காது. மேற்குக் கரையில் மழை வந்தால் திட்டம் மட்டுமில்லை, சாலையே போய்விடும். 2019 மார்ச்சில் ஃபிரான்ஸ் ஜோசஃப் பக்கத்தில் வைஹோ ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அப்படியே அடித்துக்கொண்டு போனது. பக்கத்து ஊரான ஃபாக்ஸுக்குப் போக மலைத்தொடரையே சுற்ற வேண்டியதாகிவிட்டது. 2020 பிப்ரவரியில் மில்ஃபோர்ட் சாலை உடைந்து நூற்றுக்கணக்கான பயணிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது வண்டி. நாலு பேருக்கு நாலு பேர் வண்டி எடுக்காதீர்கள், ஆறு பேர் வண்டி எடுங்கள். விளம்பரத்தில் சொல்கிற எண்ணிக்கை எத்தனை பேர் படுக்கலாம் என்பதற்கு மட்டும்தான், எத்தனை பேர் வாழலாம் என்பதற்கு இல்லை. நாலு பேர் வண்டியில் பகலில் உட்காருகிற மேசையும் சோஃபாவும்தான் ராத்திரிப் படுக்கை. மேசையை இறக்கி, பலகையை மாட்டி, மெத்தைத் துண்டுகளைப் புதிர் மாதிரி அடுக்கி, போர்வையை விரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும், அந்த நேரம் மற்றவர்கள் மழையாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். காலையில் ஒருவர் எழுந்து டீ போட வேண்டுமென்றால் இன்னொருவர் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். ஆறு பேர் வண்டியில் ஒரு படுக்கையை விரித்தபடியே வைத்துவிடலாம், அந்த ஒரு வித்தியாசம் பத்து நாளில் நட்பையே காப்பாற்றும். டிரைவருக்கு மேலே இருக்கிற படுக்கை குறட்டை விடுகிறவருக்கு. கிண்டலுக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் படுப்பவராவது தூங்குவார். எத்தனை சீட்டுக்கு பெல்ட் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஓடுகிற வண்டியில் பின்னால் படுத்துக்கொண்டு வரலாம் என்று யாராவது நினைத்தால் அது கூடாது, எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும்.

கழிவறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் நண்பர்களுக்குள் சண்டை அதிகமாக வருவது அதில்தான். வண்டிக்குள் ஒரு சின்ன அறை, அதுவே குளியலறை, அதுவே கழிவறை. அடியில் ஒரு பெட்டி, அதைக் கேஸட் என்பார்கள், நாலு பேர் உபயோகித்தால் இரண்டு நாளில் நிறைந்துவிடும். அதை இழுத்துக்கொண்டு போய் கழிவு கொட்டுவதற்கென்றே உள்ள டம்ப் ஸ்டேஷனில் கொட்டிக் கழுவி, மருந்து ஊற்றி மறுபடி மாட்ட வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீருக்குத் தனித் தொட்டி, அதையும் அங்கேயே குழாய் போட்டு இறக்க வேண்டும். நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் எண்பது நூறு லிட்டர்தான், நம்மவர் குளிக்கிற குளியலுக்கு ஒரு நாள்கூட நிற்காது. குளியலை ஹாலிடே பார்க்கில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக் கழிவறையை ராத்திரி அவசரத்துக்கு மட்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேஸட் காலி செய்கிற வேலைக்கு முறை வையுங்கள், முதல் நாளே, சீட்டுக் குலுக்கிப் போட்டாவது. "யாராவது செய்வோம்" என்று விட்டால் ஒரே ஆள்தான் எப்போதும் செய்வான், அவன் நாலாவது நாள் வாயைத் திறக்க மாட்டான், ஆறாவது நாள் திறப்பான்.

"கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கலாமே" என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முடியாது. 2011-லேயே இதற்குச் சட்டம் வந்தது, 2023-இல் இன்னும் இறுக்கினார்கள். உள்ளூராட்சி இடங்களில் இலவசமாகத் தங்குகிற வண்டிக்கு, தண்ணீரும் கழிவும் வண்டிக்குள்ளேயே அடங்கும் என்பதற்கான தன்னிறைவுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்திய கழிவறை இருக்க வேண்டும், தூக்கி வைக்கிற பிளாஸ்டிக் கழிவறையெல்லாம் இனிச் செல்லாது. சான்றிதழ் இருந்தாலும் ஊருக்கு ஊர் தடை செய்த பகுதிகள் உண்டு, டெகாப்போ, குயின்ஸ்டவுன் பக்கம் பலகையை நன்றாகப் படித்துவிட்டு நிறுத்துங்கள். அபராதம் 400 டாலரிலிருந்து ஆரம்பம், விடிகாலையில் வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். இலவச இடத்துக்கும் ஹாலிடே பார்க்குக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது, அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள். மவுண்ட் குக்கில் ஒயிட் ஹார்ஸ் ஹில், மில்ஃபோர்ட் சாலையில் கேஸ்கேட் கிரீக், இந்த மாதிரி இடங்களில் குறைந்த கட்டணத்தில் மலைக்குக் கீழேயே தூங்கலாம். கரண்ட் இருக்காது, வெந்நீர் இருக்காது, ஆனால் இந்தப் பயணத்தில் உங்களுக்கு நினைவில் நிற்கப்போகிற இரவுகள் அங்கேதான். இரண்டு இரவு அங்கே, மூன்றாவது இரவு ஹாலிடே பார்க்கில் கரண்ட், துணி துவைப்பது, குளியல், கேஸட் என்று சுழற்சியாக வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். கேம்பர்மேட் என்ற செயலியில் டம்ப் ஸ்டேஷன், முகாம், தண்ணீர்க் குழாய் எல்லாம் காட்டும். மேற்குக் கரையிலும் மில்ஃபோர்ட் சாலையிலும் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒன்று. வயரைச் செருகாமல் நிற்கிறபோது பேட்டரியில் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ், போன் சார்ஜ் இவ்வளவுதான் ஓடும். மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், ஹேர் டிரையர் எதுவும் ஓடாது. ஊரிலிருந்து எலக்ட்ரிக் குக்கர் தூக்கி வருகிறவர்கள் இதைக் கவனிக்கவும். கேஸ் அடுப்பு இருக்கிறது, சின்ன பிரஷர் குக்கர் ஒன்று கொண்டுவந்தால் போதும்.

சாப்பாட்டில் கொஞ்சம் நிதானம் தேவை. வண்டிக்குள் வெங்காயமும் வரமிளகாயும் தாளித்தீர்கள் என்றால் புகை அலாரம் அலறும், அதை நிறுத்திவிட்டாலும் அந்த வாசனை தலையணையில் பத்து நாளும் இருக்கும். தாளிப்பதை ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையில் வைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கான புளிக்காய்ச்சலையோ தக்காளித் தொக்கையோ அங்கேயே கிண்டி டப்பாவில் அடைத்துவிடுங்கள், அப்புறம் சோறு வடித்தால் வேலை முடிந்தது. மளிகையைக் கிறைஸ்ட்சர்ச்சிலேயே வாங்குங்கள், இந்தியக் கடைகள் நிறைய இருக்கின்றன, மலைப்பக்கச் சிற்றூர்களில் விலையும் அதிகம், கிடைப்பதும் குறைவு. ஊரிலிருந்து மூட்டை கட்டாதீர்கள். விமான நிலையத்தில் உணவுப் பொருள் சோதனை மிகக் கடுமை. தேன், பச்சைக் கறிவேப்பிலை, விதைகள், வீட்டு நெய் எல்லாம் பிரச்சினை. நாட்டுக்குள் நுழையும்போது கொடுக்கிற பயணிகள் அறிவிப்பில் "உணவு இருக்கிறது" என்று குறித்துவிட்டால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள், குறிக்காமல் ஒரு ஆப்பிள் பையில் இருந்தாலும் 400 டாலர் அபராதம். பழைய டிரெக்கிங் ஷூவில் மண் ஒட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ஓட்டுவது நமக்குக் கஷ்டமில்லை, இங்கேயும் இடது பக்கம்தான், ஆங்கிலத்தில் அச்சிட்ட லைசென்ஸ் இருந்தால் இந்த மாதிரிச் சின்னப் பயணத்துக்குப் போதும். பழக வேண்டியது வண்டியின் உயரமும் காற்றும். திறந்த சாலையில் எல்லை மணிக்கு 100, எடை 3500 கிலோவுக்கு மேல் போனால் 90. பின்னால் இரண்டு மூன்று வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். இங்கே மக்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள், அமைதியாக *555-க்கு அடித்து போலீஸிடம் சொல்லிவிடுவார்கள். ஒற்றை வழிப் பாலத்தில் சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் திசை அம்புக்குறி சின்னதாக இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும், நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு உங்களுக்கு என்றால் முன்னுரிமை உங்களுடையது, ஆனாலும் எதிரே வருகிறவர் பார்த்தாரா என்று பார்த்துவிட்டுப் போங்கள். காற்றடிக்கும் இடத்தில் கதவைக் கையில் பிடித்துக்கொண்டே திறங்கள். கதவு பின்னால் மடங்கி உடைவது இங்கே அன்றாடக் கதை. கூரை இடித்தது, அடிப்பாகம் உரசியது போன்றவற்றைப் பல இன்சூரன்ஸ்கள் ஏற்பதில்லை. சாதாரண வாடகையோடு வருகிற காப்பீட்டில் சேதம் என்றால் 5000 டாலருக்கும் மேல் உங்கள் பொறுப்பு என்று இருக்கும், எனவே காசு கொடுத்து அதைக் குறைத்துக்கொள்வது நல்லது. முன் கண்ணாடிக்கும் சேர்த்து எடுங்கள், சாலையில் சிதறுகிற பொடிக்கல் பட்டு விரிசல் விடுவது அதிகம். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்பீடே செல்லாது, நாலு பேரில் யார் யார் ஓட்டப்போகிறீர்கள் என்பதை அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலைக்கு வாடகை வண்டி கொண்டுபோகக் கூடாது, எழுதியே தருவார்கள்.

வந்து இறங்கிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள். சிங்கப்பூர் வழியாக வந்தால் அங்கிருந்து மட்டும் பத்து மணி நேரப் பறப்பு, அந்தத் தூக்கத்தோடு ஏழு மீட்டர் வண்டியில் முதல் ரவுண்டானாவுக்குள் நுழைவது புத்திசாலித்தனம் இல்லை. ஓர் இரவு ஊரில் தூங்கிவிட்டுக் காலையில் எடுங்கள். எடுக்கும்போது நாலு பக்கமும் கூரையும் அடிப்பக்கமும் வீடியோ எடுத்துக்கொண்டு, ஹீட்டர், கேஸ், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள். ஹீட்டர் முக்கியம், மார்ச்சிலேயே மெக்கன்ஸி பக்கம் இரவு நன்றாகக் குளிரும். ஹீட்டர் ஓடவில்லை என்று கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துக் குளிர் காயாதீர்கள், மூடிய வண்டியில் அது உயிரைக் குடிக்கும்.

மில்ஃபோர்ட் போனால் இரண்டு எதிரிகள். ஒன்று சாண்ட்ஃப்ளை, கொசுவைவிடச் சின்னது, கடி ஒரு வாரம் அரிக்கும். கேப்டன் குக் 1773-இல் டஸ்கி சவுண்டில் நின்றபோதே இதைப் பற்றிப் புலம்பி எழுதி வைத்திருக்கிறார். இந்த அழகைப் பார்த்து மனிதர்கள் இங்கேயே தங்கிவிடக் கூடாது என்று ஹினே-நுயி-டே-போ என்ற தேவதை இந்தப் பூச்சியை அவிழ்த்து விட்டாள் என்பது இங்கத்துப் பூர்வகுடிகளான மாவோரிகளின் கதை, கடி வாங்கியவர்கள் நம்புவார்கள். நின்றால் மொய்க்கும், நடந்தால் அவ்வளவு இல்லை, இருட்டிவிட்டால் போய்விடும். விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். இன்னொன்று கீயா என்கிற மலைக்கிளி. ஹோமர் சுரங்கத்துக்கு முன்னால் சிக்னலில் நிற்கும்போது கூரைமேல் வந்து உட்கார்ந்து கதவு ரப்பரையும் வைப்பரையும் பிய்க்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பிஸ்கட் கொடுக்காதீர்கள், பிய்த்ததற்குப் பில் உங்களுக்குத்தான் வரும். டே அனாவில் டீசல் நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள், போக வர 240 கிலோமீட்டர்.

கடைசியாக ஆட்கள் விஷயம். ஒரே அறையில் மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்தோம், பத்து நாள் என்ன என்று நினைப்பீர்கள். ஹாஸ்டலில் வெளியே போக இடம் இருந்தது, இதில் இருக்காது. சின்னச் சின்ன விஷயத்துக்குத்தான் முகம் சுருங்கும்: ஒருவன் விடிவதற்கு முன்பே எழுந்து சூரிய உதயம் என்பான், இன்னொருவன் ஒன்பது வரை தூங்குவான், ஒருவன் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திப் படம் எடுப்பான், ஓட்டுகிறவன் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று பல்லைக் கடிப்பான். ஓட்டுகிறவனுக்குப் பாதி மலை தெரியாது என்பதையும் மற்ற மூன்று பேரும் மறந்துவிடுவார்கள், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். பணத்தை முதல் நாளே ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கில் போட்டு அதிலிருந்தே செலவு செய்யுங்கள், காபிக்கு நான் கொடுத்தேன், டீசலுக்கு நீ கொடுத்தாய் என்ற பேச்சே வராது. நடுவில் ஒரு நாள், குயின்ஸ்டவுனோ வானகாவோ, தனித்தனியாகப் பிரிந்து போங்கள். ஒருவன் பங்கீ குதிக்கட்டும், ஒருவன் ஏரிக்கரையில் படுத்துக் கிடக்கட்டும், இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்ந்தால் போதும். எட்டாவது நாள் பிரிவதைவிட ஐந்தாவது நாள் பிரிவது நல்லது. உங்களில் ஒருவருக்கு முதுகுவலியோ, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிற பழக்கமோ இருந்தால் வேனைப் பற்றி மறுபடி யோசியுங்கள், அவர் மட்டும் ஹாலிடே பார்க் கேபினில் தூங்குவதும் ஒரு வழி, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பணம்தான் பெரிய தடை, நாள் முன்னே பின்னே போனால் பரவாயில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. குயின்ஸ்டவுன், கிறைஸ்ட்சர்ச்சில் வந்து தேங்குகிற வண்டிகளை வடக்குத் தீவின் ஆக்லாந்துக்குத் திருப்பிக் கொண்டுபோக ஆள் தேடுவார்கள், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டாலருக்குக்கூட வண்டி கிடைக்கும், குக் நீரிணையைக் கடக்கிற கப்பல் கட்டணத்தைக்கூடச் சில சமயம் அவர்களே கொடுப்பார்கள். நாலைந்து நாளுக்குள் கொண்டுபோய் விட வேண்டும் என்பதுதான் நிபந்தனை, ஆற அமரப் பார்க்க முடியாது.

உங்கள் மார்ச் பயணத்துக்கு வண்டியை இப்போதே பதிவு செய்யுங்கள், மவுண்ட் குக், டே அனாவ் தவிர வேறு எந்த இரவையும் இப்போது முடிவு செய்ய வேண்டாம். மில்ஃபோர்ட் படகு டிக்கெட்டை இரண்டு நாள் முன்பு வானிலை பார்த்து வாங்கிக்கொள்ளலாம். மழை என்றாலும் போங்கள், வெயிலில் தெரிகிற நிரந்தர அருவிகள் ஒன்றிரண்டுதான், மழையில் பாறை முழுக்க அருவியாக இருக்கும். சாலை மூடியிருந்தால் மட்டும் நாளை மாற்றுங்கள்.